மருத்துவர் பதில்கள்: எந்த ‘பி’ குறைகிறது?

கேள்வி: எனக்கு வயது 58. பிறந்ததிலிருந்தே சைவம். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆறு மாதங்களாக இரண்டு பாதங்களும் மரத்துப்போகின்றன. இரவில் எரிச்சல் தாங்க முடியவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைத் தினமும் போட்டும் பயனில்லை, சிறுநீர்தான் மஞ்சளாகப் போகிறது. இட்லி மாவு புளிக்கும்போதே பி12 உண்டாகிவிடும் என்கிறாள் மருமகள். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, சைவ உணவு, பல ஆண்டு மெட்ஃபார்மின், மரத்துப்போகும் பாதம் ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால், முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க வேண்டும். எந்தச் செடியும் பி12ஐத் தயாரிப்பதில்லை. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகளை நம்பி இருக்க முடியாது. நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். 200 மில்லி பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் கிடைக்கும். காப்பியில் ஊற்றும் பாலும் நீர்மோரும் மட்டுமே என்றால் அந்தக் கணக்கு நிறைவேறாது.

உணவில் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் பி12இன் தனிச்சிக்கல். இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போன பிறகே அது உடலில் ஏறும். மெட்ஃபார்மின் இந்த உறிஞ்சுதலைக் குறைக்கிறது; நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றைச் சாப்பிடுவோருக்கும் குறைபாடு வரலாம். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு சத்தமில்லாமல் வளர்ந்து, நரம்பின் மேலுறை சிதையத் தொடங்கிய பின்னரே மரத்துப்போதல், தடுமாற்றம், மறதி என்று வெளியே தெரிகிறது.

சிறுநீரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் மாத்திரையில் உள்ள ரிபோஃபிளேவின், அதாவது பி2. மிகுந்துபோனது வெளியேறுகிறது, கெடுதல் இல்லை. என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. பி காம்ப்ளெக்ஸில் ஃபோலிக் அமிலம் (பி9) போதுமான அளவிலும் பி12 சொற்ப அளவிலும் இருந்தால், பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றும். நரம்பின் சேதமோ தொடரும். ஆகவே மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை நோயே பாத நரம்புகளைக் கெடுத்திருக்கவும் கூடும் என்பதால் இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்க வேண்டும். பி12தான் காரணம் என்றால் ஊசியோ அதிக அளவு மாத்திரையோ கொடுப்பார். நாள்பட்ட சேதம் முழுவதும் மீளாமல் போகலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: புழுங்கல் அரிசியில் சத்து அதிகம் என்று பாட்டி சொல்வார். அரிசியை வேகவைத்த பிறகுதானே தீட்டுகிறார்கள், சத்து எப்படி மிஞ்சும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேகவைப்பது அரிசியை அல்ல, உமியோடு கூடிய நெல்லை, விடை அதில்தான் இருக்கிறது. தயமின் எனப்படும் பி1 தவிட்டுப் பகுதியில்தான் மிகுதியாக உள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது நீரோடு கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

இதன் பலனைக் கண்கூடாகக் காட்டியது மலாயா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை, பி1 குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. 1905இல் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரு பிரிவினருக்கு இரு வகை அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில்தான் நோய் பரவியது. அதற்கு முன்பே ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் தளர்வதைக் கண்டிருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் பி1 குறையும். பயறு, வேர்க்கடலை, கம்பு ஆகியவை அதை ஈடுசெய்யும். நம் ஊரில் இன்று இக்குறைபாட்டை நான் அஞ்சுவது, சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடிக்கும் மதுப்பழக்கம் உள்ளவர்களிடம்தான். அவர்களுக்குத் திடீரெனப் பேச்சுக் குழப்பம், நடைத் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவை வந்தால், அதைப் போதை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தயமின் ஊசி மூளையைக் காப்பாற்றும்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். ஃபோலிக் அமிலம் கர்ப்பம் உறுதியான பிறகு போட்டால் போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது. குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளட்டும். வலிப்பு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் அளவு மாறும். அதை மருத்துவரிடம் கேளுங்கள். கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் இதன் இயற்கை வடிவமான ஃபோலேட் உண்டு, ஆனால் கீரையை நெடுநேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டால் அதில் பெரும்பகுதி வீணாகிவிடும்.