பதில்: கிழட்டுச் சுண்டெலி ஒலிக்கு உறையவில்லை என்றால்

ஒலியோடு மின்ஷாக் கொடுத்து, மறுநாள் அந்த ஒலியை மட்டும் கேட்கவிட்டால், ஷாக்கை ஞாபகம் வைத்திருக்கும் எலி பயத்தில் அசையாமல் உறைந்து நிற்கும். உங்கள் 20 மாதச் சுண்டெலிகள் அப்படி உறையவில்லை, ஞாபகம் மேம்பட ஓடுசக்கரம் வைத்தும் பலனில்லை, பெண் எலிகள் இன்னும் மோசம் என்கிறீர்கள். ஞாபகத்தைக் குறை சொல்லுமுன் காதைப் பாருங்கள். உங்களுடைய சி57பிஎல்/6 என்ற ஆய்வக எலி இனத்துக்கு, காது கேட்கத் தேவையான கேட்ஹெரின்-23 மரபணுவிலேயே கோளாறு. உயர்ந்த சுருதிகள் முதலில் போகும், வயது ஏற ஏறச் செவிடு முற்றும். நீங்கள் கொடுக்கும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதன் காதில் விழுகிறதா என்பதே சந்தேகம்.

மறுநாள் ஒலியே இல்லாமல், ஷாக் கொடுத்த அதே கூண்டில் விட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக உறைந்தால் காதுதான் குற்றவாளி. அங்கேயும் உறையாவிட்டால், மூளையில் இடம் சார்ந்த ஞாபகத்தைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸைச் சந்தேகிக்கலாம். வயதும் ஓட்டமும் அதிகம் தொடும் இடம் அது. ஷாக் வலிக்கிறதா என்பதையும், அது விழும் கணத்தில் எலி துள்ளுகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சக்கரத்தில் ஓடும் எலிகளோடு ஒப்பிட வேண்டிய கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, சுழலாதபடி பூட்டிய சக்கரம் உள்ள கூண்டு வேண்டும்; வெறுங்கூண்டு போதாது. பெண் எலிகள் பொதுவாக ஆண்களைவிட அதிகம் ஓடும், தூரத்தைப் பதியுங்கள்.

பெண் எலிகளின் வீடியோவைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பெண் பெருஎலிகளில் சில, பயத்தில் உறையாமல் விருட்டென்று பாய்வது 2015-லேயே பதிவானது. உறைதலை மட்டும் அளக்கும் மென்பொருள் அதைப் 'பயமில்லை' என்று எண்ணிவிடும். அதோடு, இந்த வயதில் மாதச்சுழற்சி போல வரும் அவற்றின் நாலைந்து நாள் சுழற்சி பெரும்பாலும் நின்றிருக்கும். இளம் பெண் எலிகளோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.