புதிய அதிபருக்கு எத்தனை நாள் அவகாசம்?

அன்புள்ள ஐயா,

ஒபாமாவின் முதல் ஆண்டு வெளியுறவுக் கொள்கையைக் குறை சொல்லி நீங்கள் எழுதிய பழைய குறிப்பு ஒன்றைப் படித்து வருந்தினேன். நான் டல்லாஸில் வசிப்பவன், அமெரிக்கக் குடிமகன், முற்போக்காளன் என்றே என்னை நினைத்துக்கொள்பவன். நீ அமெரிக்காவில் பிறந்தவனே இல்லை, பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்று வலதுசாரிகள் ஒரு பக்கம் அவரை வதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இடதுசாரிகளும் முதல் ஆண்டிலேயே அவருடைய வெளியுறவுக் கொள்கையைக் குறை சொன்னது எதிராளிக்குத்தானே உதவியது? புதிதாக வருபவருக்கு எவ்வளவு அவகாசம் கொடுப்பது நியாயம்? முஸ்லிம் உலகத்தோடு நல்லுறவு வேண்டும் என்று 2009இல் அவர் ஆற்றிய கெய்ரோ உரையை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லையே?

கே.

அன்புள்ள கே.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கெய்ரோ உரை நல்ல உரை. பிறப்புச் சான்றிதழ் விவகாரம் அப்பட்டமான இனவெறி. இரண்டிலும் நமக்குள் தகராறு இல்லை.

இடதுசாரிகளும் குறை சொன்னார்கள் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கே சொன்னார்கள்? வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஜின் போன்ற ஒரு சிலர் சொன்னார்கள், சரி. மற்றவர்கள்? எனக்கு ஒரு நண்பர் உண்டு, சிகாகோவில் இருந்தார். 2003 பிப்ரவரியில் ஈராக் போரை எதிர்த்து நியூயார்க்கில் நடந்த ஊர்வலத்துக்குப் போனவர். அன்றைய குளிரில் காது மரத்துப்போனதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2008இல் வீடு வீடாகப் போய் ஒபாமாவுக்கு ஓட்டுக் கேட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நின்று ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 வீரர்களை அனுப்பப்போவதாக ஒபாமா அறிவித்தார். நண்பருக்குப் போன் போட்டேன். “இவர் புஷ் இல்லப்பா, யோசிச்சுதான் செய்வார், கொஞ்சம் பொறு” என்றார். அவர் தங்கமான மனிதர். அதனால்தான் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஒபாமா யாரையும் ஏமாற்றவும் இல்லை. 2002 அக்டோபரில் சிகாகோவில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்திலேயே, எல்லாப் போரையும் எதிர்ப்பவன் அல்ல நான், முட்டாள்தனமான போரைத்தான் எதிர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எதிராளிக்கு உதவும் என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். அது 2009இல் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மே மாதம் போர்ச் செலவு மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த 51 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். குடியரசுக் கட்சி ஆதரித்ததால் மசோதா சுலபமாக நிறைவேறியது. ஜூனில் அது திரும்பி வந்தபோது சர்வதேச நாணய நிதியத்துக்கான (ஐ.எம்.எஃப்) பணமும் அதில் சேர்ந்திருந்தது. அதைக் காட்டிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அந்த 51 பேரும் உறுதியாக நின்றிருந்தால் மசோதா அன்று தோற்றிருக்கும். கட்சித் தலைமை ஒவ்வொருவராகப் பிடித்து வற்புறுத்தியது. கடைசியில் நின்றது 32 பேர். 226க்கு 202 என்று மசோதா நிறைவேறியது. எதிர்த்தால் பயனில்லை என்ற நாளில் எதிர்த்தவர்களில் பலர், பயன் இருந்த நாளில் காணாமல் போனார்கள்.

சரி, அவகாசம். ஒபாமா பதவியேற்ற மூன்றாம் நாளே பாகிஸ்தானின் வசீரிஸ்தானில் ட்ரோன் குண்டு விழுந்தது, பொதுமக்கள் செத்தார்கள். பாகிஸ்தானில் புஷ் தன் எட்டு ஆண்டுகளில் நடத்திய ட்ரோன் தாக்குதல்கள் ஏறக்குறைய ஐம்பது. இவர் முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார். அவகாசம் கேட்டது நீங்கள்தான், அவர் கேட்கவே இல்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஏமனைப் பற்றி. 2009 டிசம்பர் 10, ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசு. காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் குறிப்பிட்டுப் பேசினார், கை தட்டினார்கள். டிசம்பர் 17, ஏமனின் அப்யான் மாகாணத்தில் அல்-மஜலா என்ற இடத்தில் பதூயின் நாடோடிகள் கூடாரம் போட்டிருந்த பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைகள் விழுந்தன. உள்ளே கொத்துக் குண்டுகள், அதாவது சிறு குண்டுகளாகச் சிதறுபவை. ஏமன் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, இறந்த பொதுமக்கள் 41 பேர் என்றும் அதில் 14 பேர் பெண்கள், 21 பேர் குழந்தைகள் என்றும் தெரிந்தது. வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தொட்டுப் பிறகு செத்தவர்கள் தனி.

குண்டு போட்டது நாங்கள்தான் என்றது ஏமன் அரசு. அப்துல் இலா ஹைதர் ஷாயே என்ற பத்திரிகையாளர் நேரில் போய், அங்கே கிடந்த ஏவுகணைத் துண்டுகள் அமெரிக்காவுடையவை என்று எழுதினார். “குண்டுகள் எங்களுடையவை என்றே சொல்லிக்கொண்டிருப்போம்” என்று ஏமன் அதிபர் சாலே அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸிடம் சொன்னது பின்னால் விக்கிலீக்ஸில் வெளிவந்தது. அதற்குள் ஷாயேயைப் பிடித்துவிட்டார்கள், பயங்கரவாதிகளோடு தொடர்பு என்று 2011 ஜனவரியில் ஐந்தாண்டு சிறை போட்டார்கள். உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பவே சாலே மன்னிப்புக் கொடுக்கத் தயாரானார். 2011 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஒபாமா. ஷாயேயை விடுதலை செய்வது கவலை தருகிறது என்றார். இதை யாரும் தோண்டி எடுக்கவில்லை, வெள்ளை மாளிகையே அறிக்கையாக வெளியிட்டது. மன்னிப்பு நின்றுபோனது. ஷாயே 2013 ஜூலையில்தான் வெளியே வந்தார்.

அந்த அறிக்கையை வெளியிட வெள்ளை மாளிகைக்குக் கூச்சமே இருக்கவில்லை பாருங்கள். இதே போனை புஷ் போட்டிருந்தால் என் நண்பர் அன்று ராத்திரியே அட்டையில் வாசகம் எழுத உட்கார்ந்திருப்பார். புஷ் காலத்தில் அவமானமாக இருந்தது ஒபாமா காலத்தில் அலுவலக நடைமுறை ஆனது. அதை நடைமுறை ஆக்கியது குடியரசுக் கட்சி இல்லை, கே. பொறுத்துக்கொண்ட நல்லவர்கள்.

நீங்களும் நல்லவர். உங்கள் கடிதத்தில் இருக்கும் வருத்தம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு அங்கே ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா? எனக்கு எழுதிய நீளத்தில் பாதி போதும். பதில் வந்தால் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.