வாழைக்காய் முதல் பட்டுப்புடவை வரை: நொதிகள் குறித்த கேள்விகள்

கேள்வி: நறுக்கிய வாழைக்காயை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: உண்மை. வாழைக்காயின் செல்களில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் ஃபீனால் சேர்மங்களும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நிறம் கறுக்கிறது. நொதி என்பது குறிப்பிட்ட வடிவில் மடிந்த புரதம். அந்த மடிப்பில் ஒரு பள்ளம் உண்டு. அதில் பொருந்துகிற மூலக்கூறு வந்து அமர்ந்தால்தான் வினை நடக்கும். மோரின் புளிப்பு அந்தப் பள்ளத்தின் மின்னேற்றங்களை மாற்றிப் பொருத்தத்தைக் குலைக்கிறது. வெறும் தண்ணீர் காற்றைக் குறைக்குமே தவிர நொதியைத் தொடாது. வெளியே எடுத்துவைத்தால் மீண்டும் கறுக்கும். உங்கள் மாமியாரின் வழியே சிறந்தது.

கேள்வி: கொதிக்க வைத்தால் நொதிகள் செத்துவிடுமா?

பதில்: "செத்துவிடும்" என்ற சொல் வேண்டாம் என்று வகுப்பில் கெஞ்சாத நாளில்லை. நொதிக்கு உயிர் கிடையாது. 1897-இல் எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்தது. கொதிநீரில் நொதிக்கு நேர்வது வடிவ இழப்பு. அவித்த முட்டை பச்சை முட்டையாகாதது போல, அவிழ்ந்த நொதியும் பெரும்பாலும் பழைய மடிப்புக்குத் திரும்பாது. விதிவிலக்கும் உண்டு. டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். சோதனையில் பயன்படும் டாக் பாலிமரேஸ் என்னும் நொதி, வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. 95 டிகிரி செல்சியஸையும் தாங்கும்.

கேள்வி: பச்சைப் பட்டாணியை உறைபெட்டியில் வைக்குமுன் கொதிநீரில் போட வேண்டுமா?

பதில்: அவசியம். குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்குமே தவிர அதன் வடிவத்தைக் குலைக்காது. அப்படியே உறையவைத்தால் வாரக்கணக்கில் மெல்ல வேலை நடந்து, நிறமும் மணமும் கெடும். ஒன்றிரண்டு நிமிடம் கொதிநீரில் இட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது ஏன்?

பதில்: உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் அது ஓய்ந்துவிடும். அங்கே அமிலத்தையே விரும்பும், புரதத்தை வெட்டும் பெப்சின் என்னும் நொதி வேலையைத் தொடங்கும்.

கேள்வி: "என்சைம்" (அதாவது நொதி) என்று அச்சிட்ட சலவைத்தூளில் பட்டுப்புடவையை ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இத்தகைய தூள்களில் பெரும்பாலும் புரதத்தை வெட்டும் நொதி இருக்கும். ரத்தம், பால், முட்டைக் கறைகள் போவது அதனால்தான். பட்டு இழையும் புரதமே. கறைக்கும் இழைக்கும் நொதி வேறுபாடு பார்க்காது. கொஞ்சம் தூள்தானே என்றும் நினைக்காதீர்கள். நொதி தன் வேலையில் தீர்ந்துபோவதில்லை: ஒரு பிணைப்பை வெட்டியதும் மாறாமல் விடுபட்டு அடுத்ததற்குப் போகும். எனவே ஊறும் நேரம் கூடக்கூடச் சேதமும் கூடும். முதலில் பளபளப்பு மங்கும், பிறகு இழை வலுவிழக்கும். கம்பளிக்கும் இதே ஆபத்து. தவறுதலாக ஊறவைத்திருந்தால் உடனே எடுத்து, குளிர்ந்த நீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்துங்கள்.