சட்டமான பிறகு வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் தொழிலைப் பாதிக்கும் சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வந்திருக்கிறது. பருத்தித்துறையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் சிலர், “முதலில் சட்டமாகட்டும், பிறகு யாழ்ப்பாணத்திலேயே வழக்குப் போடுவம்” என்கிறார்கள். இது சரிவருமா?

பதில்: சரிவராது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையே நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிடும். தமிழகச் செய்திகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். இலங்கையில் சட்டமூலம் நிறைவேறிவிட்டதென்று சபாநாயகர் சான்றுரை எழுதியதும் கதவு மூடிவிடும். அதன் பிறகு அந்தச் சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குச் சபாநாயகர் சான்றுரைத்ததை எதிர்த்துப் போன மனுவும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆகவே உங்கள் காலம் இதுதான். வர்த்தமானியில் வந்திருப்பது வரைவு. இன்று அதற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. அது நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரலில்) ஏறிய நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கும், அதுவும் சில நாட்கள்தான். அதற்குள் 121 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிரதியைச் சபாநாயகருக்கும் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் இல்லை, கொழும்புக்குத்தான் போகவேண்டும். உறுப்புரை ‘பிரஜை’ என்று சொல்வதால், சங்கத்தின் பெயரில் மட்டும் போடாமல் உறுப்பினர் ஒருவர் தன் பெயரிலும் போடுவது பாதுகாப்பு. நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அரசியலமைப்போடு முரண் இருக்கிறதென்று கண்டால், சட்டமூலம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 225 பேரில் 150 வாக்கு வேண்டுமென்றோ, அதோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டுமென்றோ சொல்லும்.

அப்புறம் நாடாளுமன்றத்தில் இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு என்ற கட்டங்கள். இதில் எனக்கு எப்போதும் பயம் தருவது, சட்டமூலத்தில் திருத்தங்கள் சேர்க்கப்படும் குழுநிலை. 2017 இல் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் சட்டமாகிவிட்டது. அந்தப் புதிய பகுதிகளை முன்கூட்டியே எதிர்க்க மக்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்த வட மாகாண சபைக்கு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்காததற்கு அது ஒரு முக்கிய காரணம். எனவே மனுப் போட்டதோடு நிற்காமல், உங்கள் மாவட்ட உறுப்பினர்களிடம் குழுநிலைத் திருத்தங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கெடு தவறிப்போனால்? சட்டத்தைத் தொட முடியாது. ஆனால் அதன் கீழ் அதிகாரிகள் எடுக்கும் நடவடிக்கை உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், ஒரு மாதத்துக்குள் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். இப்போதைக்கு வர்த்தமானிப் பிரதியோடு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.