மாடி வீட்டில் புறாத் தொல்லை: எதை அடைப்பது, எப்போது அடைப்பது?

கேள்வி: யாழ்ப்பாண நகரில் மாடி வீடு. ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னாலும் சோலார் பனலுக்குக் கீழும் புறாக்கள் கூடு வைத்துவிட்டன. கொல்லாமல் எப்படி விலக்குவது? காகம், மைனாவுக்கும் இதே வழி சரிவருமா?

பதில்:

விரட்டுகிற சாமான்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்தக் காசை இடத்தை அடைப்பதற்குப் போடுங்கள். தொங்கவிட்ட சீடித் தட்டு, மினுங்கும் ரேப், பிளாஸ்ரிக் ஆந்தை எல்லாம் சில நாட்களில் புறாவுக்குப் பழகிவிடும். கேளா ஒலிக் கருவி முழுக்க வீண். நமக்குக் கேட்காத அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது. மாடப்புறாவின் முன்னோர் பாறை இடுக்குகளில் கூடு வைத்தவை. மழை படாத, பூனை ஏறாத தட்டையான இடம் எதுவானாலும் அதற்குப் போதும். அந்த இடம் திறந்திருக்கும்வரை நீங்கள் கலைத்துக்கொண்டே இருப்பீர்கள், அது வந்துகொண்டே இருக்கும்.

அடைக்க முன் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமாக இரண்டு வெள்ளை முட்டைகள். 17 முதல் 19 நாளில் பொரிக்கும். குஞ்சு பறக்க இன்னும் நாலைந்து கிழமை. குஞ்சை உள்ளே விட்டு வலை அடித்தால் அது பட்டினியில் சாகும், தாயும் தகப்பனும் வெளியில் நின்று வலையோடு அடிபடும், பிறகு நாற்றமும் புழுவும் உங்களுக்குத்தான். ஆகவே குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். ஆனால் கவனம்: தீனி தாராளமாகக் கிடைத்தால், இந்தக் குஞ்சுகள் பறக்க முன்னரே பக்கத்து மூலையில் அடுத்த முட்டைகள் வந்துவிடும். காத்திருக்கும் நாட்களில் சுற்றியுள்ள மூலைகளில் சேரும் சுள்ளிகளைத் தினமும் எடுத்துவிடுங்கள். முட்டை இல்லாத சுள்ளியை எடுப்பதில் பாவமும் இல்லை, கஷ்டமும் இல்லை. குஞ்சு வெளியேறிய அன்றே கூட்டை எடுத்து, கழுவி, அடையுங்கள். வெறும் கூட்டை அப்படியே விட்டால் அதிலுள்ள செள் இரை தேடி அறைக்குள் வரும்; ஆட்களையும் கடிக்கும்.

காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. அந்தத் தூசியில் கிரிப்டோகொக்கஸ் போன்ற பூஞ்சணங்கள் இருக்கலாம். இழுப்பு உள்ளவர்கள், முதியோர், குழந்தைகள் பக்கத்திலும் நிற்கக் கூடாது. என்95 முகக்கவசமும் றப்பர் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து கால் மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு சுரண்டி இரட்டைப் பையில் கட்டுங்கள். கடைசியாக, வீட்டுப் பாவனைக் குளோரின் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து பூசி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை இதோடு ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும். ஏசியின் அலுமினியத் தகடுகளிலும் இந்தக் கலவை படக்கூடாது, அரித்துவிடும். அங்கே வெறும் தண்ணீர் போதும்.

இனி வலை. புறாவுக்கு வலைக்கண் ஒன்றின் பக்கம் 50 மில்லிமீற்றர், மைனாவுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. நம் ஊரில் பலர் மீன்வலைக் கடையில்தான் வாங்குகிறார்கள். அங்கே கண்ணை இழுத்துப் பிடித்து மூலைக்கு மூலை அளப்பது வழக்கம். ஆகவே புறாவுக்கு 2 இஞ்சி என்று கேட்டால் 1 இஞ்சிப் பக்கமுள்ள வலைதான் கிடைக்கும்; உங்களுக்கு வேண்டியது அவர்கள் கணக்கில் 4 இஞ்சி. தங்கூசி வலை வேண்டாம். அதன் மெல்லிய நூல் பறவையின் கண்ணுக்குத் தெரியாது, காலிலும் சிறகிலும் சிக்கி அறுக்கும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கியும் போகும். தடித்த, முறுக்கிய கறுப்பு நூல் வலை, வெயில் தாங்கும் வகையாகப் பார்த்து எடுங்கள்.

வலையை ஆணியில் கொளுவி விட்டால் சோளகக் காற்றுக்கு ஒரு கிழமை தாங்காது. சுற்றிவர 50 சென்ரிமீற்றருக்கு ஒரு வளையத் திருகாணி இறுக்கி, அவற்றினூடாக 2 மில்லிமீற்றர் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கம்பி ஓட்டி, மூலையில் முறுக்கி இறுக்கும் கொளுக்கியால் விறைப்பாக்குங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் போலக் கடற்காற்றுப் படும் இடங்களில் சாதாரண நாகம் பூசிய கம்பி சீக்கிரம் துருவேறும். வலையின் ஓரத்தை ஒரு கண் மடித்து, ஒவ்வொரு கண்ணையும் கம்பியோடு கட்டுங்கள். வேலை பிழைப்பது பெரும்பாலும் மூலையில்தான்: ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் புறா உள்ளே போய், வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். ஏசி திருத்துபவர் கழற்றுவதற்கு ஒரு பக்கத்தைக் கொளுக்கியில் விடுங்கள்.

சோலார் பனலுக்கு நூல் வலை சரிவராது, அணில் கடித்துவிடும். அரை இஞ்சிக் கண்ணுள்ள ஒட்டுக்கம்பி வலையை நீளப் பட்டிகளாக வெட்டி, பனலின் சட்டத்தைக் கௌவும் கிளிப்பால் சுற்றிவரப் பிடியுங்கள். சட்டத்தில் துளை போட்டால் உத்தரவாதம் போகலாம். தகரத்தால் மூடவும் வேண்டாம். காற்றோட்டம் நின்று பனல் சூடாகி மின் உற்பத்தி குறையும். மின்னிணைப்பை நிறுத்திய பின்னரே கீழே கை வையுங்கள். வயர் இணைப்புகளுக்குள் கிடக்கும் காய்ந்த சுள்ளி நெருப்புக்கு வழி, ஒன்றும் மிஞ்ச விடாதீர்கள். கண்ணாடியில் விழுந்த எச்சத்தை விடிய வெள்ளன கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்தண்ணீர் பட்டால் வெடிக்கலாம்.

ஒடுங்கிய சண்செட் விளிம்புக்கு முட்கீல் (கம்பி முட்கள் வரிசையாக நிற்கும் பட்டி) போதும், முழு அகலமும் மூடினால் மட்டும். ஒரு வரிசை வைத்துப் பின்னால் இடம் விட்டால், முள்ளையே பிடிமானமாக்கிக் கூடு கட்டும். வேப்பஞ்சருகு சேர்ந்தாலும் அதேதான். சாந்தால் 45 பாகைக்கு மேல் சரிவு போட்டுவிடுவது இன்னும் நல்லது. பசை பூசும் யோசனையை விடுங்கள். தூசி படிந்து பயனற்றுப் போகும், சிறு குருவிகள்தான் ஒட்டிச் சாகும்.

கிணறு திறந்திருந்தால் அதையும் மைனாவுக்குச் சொன்ன 28 மில்லிமீற்றர் வலையால் மூடுங்கள். உட்சுவர்ப் பொந்துகளில் புறாவும் மைனாவும் கூடு வைக்கும், எச்சம் நேரே குடிதண்ணீரில் விழும். மழைநீர் பிடிப்பவர்கள் நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையைத் தாங்கிக்குள் விடக் கூடாது.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்மவர் பலர் வாழும் சுவிஸ் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் புறாக்களைக் கொன்றார்கள், தொகை குறையவில்லை. 1988 இல் தொடங்கி, தீனி போட வேண்டாம் என்று மக்களுக்கு விளங்கப்படுத்திய பிறகு, நாலு வருடங்களில் பாதியானது. கோயில் வீதியில் அரிசி கொட்டுவது அன்பு என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த அரிசி குஞ்சுகளாகி அயல் வீடுகளுக்கு வருகிறது. கோழித்தீனியை மூடி வையுங்கள். நெல், மாவு காய விட்டால் மேலே வலை போடுங்கள்.

மைனாவுக்குப் பொந்து வேண்டும். ஏசிக் குழாய் போகும் ஓட்டை, ஓட்டுக் கூரையின் இறவாரத்து இடைவெளி, உடைந்த வென்றிலேற்றர் மூன்றையும் கம்பிவலை வைத்து அடைத்தால் வேலை முடிந்தது.

காகம் வேறு கதை. அது உங்கள் வீட்டில் கூடு வைக்க வருவதில்லை, மீன் கழிவுக்கு வருகிறது. கழிவை இறுக்கிக் கட்டி, குப்பை எடுக்க வரும் நேரத்துக்கு மட்டும் வெளியில் வையுங்கள். சனி விரதச் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை: ஒரு பிடி இலையில் வைத்து, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குஞ்சு உள்ள மரத்தடியில் தலையைக் கொத்த வந்தால், அவை பறக்கும்வரை குடையோடு நடங்கள், கூட்டைக் கலைக்க வேண்டாம். அந்தக் கூட்டில் குயிலின் குஞ்சும் இருக்கக்கூடும்.