சொந்த விமானத்துக்கு ஒயரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் சிலேத்தார் விமான நிலையப் பக்கம் ஹேங்கர்களில் ஒயர் இழுத்தே பாதி ஆயுள் போனவன் நான். பெர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு பேர் உட்காரும் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) கட்டுகிறார். அதன் பேனல் ஒயரிங்கை என் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில், பிளைவுட் பலகையில் ஆணி அடித்துக் கட்டி, பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். அதைச் சொன்ன நாளிலிருந்து ஒரே கேள்விகள்தான். வந்த வரிசையில் பதில் தருகிறேன்.

ஈசூன் தம்பி: அண்ணே, ஹார்ட்வேர் கடை ஒயர் ஏன் கூடாது? அதுவும் செம்புதானே?

செம்பில் குறை இல்லை தம்பி, மேலே இருக்கும் பிவிசி உறைதான் வம்பு. தீப்பிடித்தால் அது கக்கும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், சின்ன காக்பிட்டில் அந்தப் புகையோடு யாராலும் விமானத்தைத் தரையிறக்க முடியாது. விமானக்காரர்கள் டெஃப்செல் என்று சொல்லும் ஒயர் 150 டிகிரி வரை தாங்கும், உறையும் மெல்லியது, எடையும் குறைவு. ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1998-இல் சுவிஸ்ஏர் 111 நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். காக்பிட் கூரைக்கு மேலே ஒரு ஒயரில் எழுந்த தீப்பொறி பக்கத்திலிருந்த காப்புப் போர்வையில் பற்றியிருக்க வேண்டும் என்றுதான் விசாரணை முடிந்தது.

தெம்பனிஸ் நண்பர்: ஒயர் நுனிக்கு ஈயம் வைப்பதா, கிரிம்ப் அடிப்பதா (உலோக முனையை ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பதா)? என் அப்பா ரேடியோ மெக்கானிக், ஈயம்தான் உறுதி என்கிறார்.

ரேடியோவுக்குள் அப்பா சொல்வது சரி. விமானம் சதா அதிர்ந்துகொண்டே இருக்கும், அங்கேதான் கதை மாறுகிறது. பல இழைக் கம்பியில் ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஊறி ஏறிக் கொஞ்ச தூரம் விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஈயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடம் அசையாதபடி தாங்கு கொடுங்கள். ஒயர் நடுவில் கெட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, எப்போதும் நுனியில்தான். அதனால் ராட்செட் உள்ள நல்ல கிரிம்ப் கருவி வாங்குங்கள், பிடி முழுதாக அழுந்தாமல் அது விடாது. 22 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண்) ஒயரில் அடித்த கிரிம்ப் 15 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 7 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். 5 கிலோ அரிசிப் பை ஒன்று, 2 லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று, இரண்டையும் கட்டித் தொங்கவிட்டால் கணக்கு சரி. என் முதல் பத்தில் மூன்று கழன்று, அரிசி ஹாலெல்லாம் சிதறி, வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

உட்லண்ட்ஸ் நண்பர்: ஜிபிஎஸ் விலை அதிகம், அதைக் காப்பாற்ற எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, கருவியை இல்லை. 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 18-க்கு 10. எண் ஏற ஏறக் கம்பி மெலியும், மறந்துவிடாதீர்கள். ஆனால் தூரத்தையும் பாருங்கள். வாலில் இருக்கும் விளக்குக்கு 20 அடி, 5 ஆம்பியர் என்றால் 22 கேஜில் 1.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 14 வோல்ட் சிஸ்டத்தில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு அரை வோல்ட்தான் வரம்பு, 16 கேஜ் போட்டால் 0.4-இல் நிற்கும்.

பொங்கோல் நண்பர்: ஹெட்செட்டில் 'ஙீ' என்று ஒரு சத்தம், இன்ஜின் வேகம் ஏறினால் அதுவும் ஏறுகிறது.

அது ஆல்டர்னேட்டர் சத்தம், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவியிலிருந்து வருவது. உடனே ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். ஹெட்செட் ஜாக் அலுமினியத் தகட்டில் நேரடியாகத் தொட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் ஆடியோ கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி) இரண்டு வழியில் போய் வளையம் உண்டாகும், அதன் வழியாகத்தான் சத்தம் நுழைகிறது. ஜாக்கைச் சுற்றி ஃபைபர் வாஷர் போட்டு, கிரவுண்டைத் தனி ஒயரில் ஆடியோ பெட்டிக்கே கொண்டுபோங்கள். ஃபைபர்கிளாஸ் உடம்பு என்றால் உடம்பே கிரவுண்ட் இல்லை, எல்லாவற்றுக்கும் இரண்டு ஒயர்தான், எடை கூடுகிறதே என்று அழ வேண்டியதுதான்.

இன்னொருவர்: மாஸ்டர் சுவிட்ச் முனை கருகிவிட்டது, ஏன்?

மாஸ்டர் சுவிட்ச் இயக்கும் கான்டாக்டரின் (பேட்டரியை இணைக்கும் பெரிய ரிலே) காயிலுக்கு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம், போடவில்லை, அதுதான் காரணமாக இருக்கும். அணைக்கும் நொடியில் காயில் உதைக்கும் உதை முழுவதும் சுவிட்ச் முனையில் பொறியாகிறது. 1என்4007 என்ற டயோடு போதும், ஒரு வெள்ளிகூட ஆகாது. கோடு போட்ட பக்கம் பேட்டரி பாசிட்டிவ் பக்கம், மாற்றிப் போட்டால் டயோடு செத்துவிடும்.

பாலிடெக்னிக் மாணவி: அங்கிள், விமானம் வாங்க வசதி இல்லை, இடமும் இல்லை. பழகுவது எப்படி?

சிம் லிம் டவரில் கொஞ்சம் ஒயரும் டெர்மினலும் வாங்கும்மா. ஐம்பது கிரிம்ப் அடி. அப்புறம் ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார். இழைகள் தனித்தனி வட்டமாகத் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை. நசுங்கி, இடைவெளி இல்லாமல் ஒரே கட்டியாகத் தெரிந்தால் அடுத்த மாதம் வா, என் பலகையில் இடம் தருகிறேன்.