நற்செயல் வெளியே தெரியலாமா, கூடாதா?

பைபிளில் மத்தேயு 5:16 உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்கிறது. 6:3 வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிறது. எதைக் கடைப்பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும்தான். 5:16-ஐ முழுசாகப் படியுங்கள்: நம் நற்கிரியைகளைப் பார்க்கிறவர்கள் மகிமைப்படுத்துவது பரலோகப் பிதாவை. 6-ம் அதிகாரம் கண்டிப்பது, ஊர் பார்க்க வேண்டும் என்றே தர்மம் செய்வதை.

யாத்திராகமம் 34-ல் தேவனோடு பேசிவிட்டுச் சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேக்குத் தன் முகம் பிரகாசித்தது தெரியவே இல்லை. ஆரோனும் ஜனங்களும்தான் பார்த்துப் பயந்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

நடைமுறையில், ஸ்டேட்டஸில் வசனம் போடுவது சுலபம். பில்லில் விட்டுப்போன சோப்புக்காகக் கடைக்குத் திரும்பிப் போய்க் காசு கொடுப்பதும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா வாய்விட்டுக் கேட்கும் முன் சம்பளத்தைக் கையில் கொடுப்பதும்தான் கஷ்டம். பக்கத்தில் இருப்பவர்கள் கவனிப்பதும் அதைத்தான்.

சரி, வெள்ள நிவாரணம் கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா? சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் அரிசி மூட்டைகளை எடுங்கள். வாங்குகிறவர் முகம் எதற்கு?